இரண்டு புத்தகத்திலும் இல்லாதவர்கள்

இன்ஷிராஹ் சுகாதார நிலையத்து எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. மேல் எகிப்தில், கால்வாய்க்கரையில் கிடக்கும் நஸ்லத் கர்ரூபில் அன்றைக்கு டிப்ளமா வரை படித்த பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி கெய்ரோவில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். மிஞ்சியவள் இவள். மகன் ஃபுவாதின் பெயரால் ஊர் இவளை உம்மு ஃபுவாத் என்று கூப்பிட்டது. புருஷன் ரிஸ்க் பள்ளிக்கூடத்து வாத்தியார். வாய் திறந்து பேசவே யோசிக்கிற மனுஷன்.

முப்பது வருஷம் அந்த நாற்காலியைத் தேய்த்த ஷாக்கிர் எஃபெந்தி, பொறுப்பை ஒப்படைக்க இரண்டு நாள் வந்தார். பிறப்புப் புத்தகம், இறப்புப் புத்தகம், முத்திரை, மை ஒற்றும் தாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பாராட்டுத் தாளைக் கைகாட்டினார்.

"தங்கமான கணக்கும்மா இந்த ஊர்க் கணக்கு. இந்த வருஷம் இருநூத்தி முப்பது பொறப்பு. ஒரு வயசு முடியறதுக்குள்ள தவறினது ஒம்பதே ஒம்பது. ஆயிரம் பிள்ளைக்கு முப்பத்தொம்பது, போன வருஷமும் இதேதான். மாவட்டத்துலயே நம்ம ஊரு மாதிரி ஊரு இல்ல."

ஒன்பது என்ற எண்ணை இன்ஷிராஹால் நம்ப முடியவில்லை. போன கோடையில் அவள் தெருவிலிருந்து மட்டுமே நான்கு சின்னப் பொட்டணங்கள் கபரஸ்தானுக்குப் போயிருந்தன. மத்தியான வேளையில், கூட்டமில்லாமல், தகப்பன் ஒருவனே கையில் ஏந்திக்கொண்டு போகும் பொட்டணங்கள். ஊரில் பதினோரு தெரு.

மறுநாள் அவர் டீ குடிக்க வெளியே போயிருந்த நேரத்தில் ஆறு வருஷத்துப் பழைய புத்தகத்தை இறக்கிப் பிரித்தாள். அவளுடைய தலைப்பிள்ளை பெண். எட்டு நாள் இருந்தது. ஆறாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, சிரிப்பது போல ஒரு முகம். தொட்டால் வில்லாக வளைந்தது. பிறப்புப் பக்கங்களை இரண்டு முறை பார்த்தாள். இல்லை. இறப்புப் புத்தகத்திலும் இல்லை.

ஷாக்கிர் எஃபெந்தி வந்ததும் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.

"பொறப்புப் புத்தகத்துல இல்லாதது இறப்புப் புத்தகத்துல எப்படிம்மா வரும்? உன் புருஷன் வந்து எழுதலயே."

அவர் கெட்டவரில்லை. வந்ததை எழுதினார், வராததைத் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான். வருவதற்கும் யாருக்கும் அவசியம் இல்லை. பிள்ளை தேறிவிட்டது என்று தெரிந்தால் தகப்பன் நாற்பது நாள் கழித்தோ கோடை தாண்டியோ வந்து எழுதுவான், ரேஷனில் ஒரு பங்கு சர்க்கரையும் எண்ணெயும் கூடுதலாகக் கிடைக்கும். செத்த பிள்ளைக்கு யார் வருவார்கள்? வந்தால் ஏன் முதலில் பதியவில்லை என்று கேள்வி, அபராதம். குளிப்பாட்டித் துணியில் சுற்றி, குடும்பக் குழியின் மூலையில் வைத்துவிட்டு பிற்பகல் அஸர் தொழுகைக்குள் வயலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

நிலையத்து மருத்துவர் வஜீஹ், அலெக்ஸாந்திரியாக்காரர். படிப்பு முடித்த கையோடு கட்டாயச் சேவைக்கு அனுப்பப்பட்டவர். ஊர் திரும்புகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தார். இன்ஷிராஹ் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"இது பொய்க் கணக்கு, டாக்டர்."

"யாரு பொய் சொன்னா?"

"யாரும் சொல்லல. செத்த பிள்ளைங்க பொறக்கவே இல்லன்னு ஆயிடுச்சு. பொறப்புலயும் இல்ல, இறப்புலயும் இல்ல. அதான் முப்பத்தொம்பது."

அவர் பேனாவை வைத்தார். "விட்டுப்போனது எத்தனை இருக்கும்?"

"நபவிய்யா காலாகிட்ட கேட்டா தெரியும்."

நபவிய்யா ஊர் மருத்துவச்சி; சித்தி என்ற பொருளில் எல்லாரும் அவளைக் காலா என்று கூப்பிடுவார்கள். அரசாங்கம் கொடுத்த தகரப் பெட்டியும் உரிமச் சீட்டும் வைத்திருப்பவள். மோவாயில் பச்சை குத்திய மூன்று புள்ளி, ஆண்களோடு உட்கார்ந்து ஹூக்கா இழுக்கும் தைரியம், நல்ல நாளிலேயே நாக்கில் நெருப்பு. இன்ஷிராஹ் போனபோது முற்றத்தில் முலூகிய்யா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னடி, நோட்டும் கையுமா? என் சொத்துக்குக் கணக்கெடுக்க வந்தியா? இந்தா ஒரு வாத்து, அதுவும் நொண்டி."

"இந்த வருஷம் தவறின பிள்ளைங்களை எழுத வந்தேன் காலா."

"எழுதினா எந்திரிச்சு வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு?"

"எத்தனைன்னு தெரியணும்."

நபவிய்யா கீரைக் காம்பை வீசி எறிந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கால்வாய் முனையிலிருந்து ஆரம்பித்தாள். எந்த வீடு, எத்தனையாவது பிரசவம், ஆணா பெண்ணா, எத்தனை நாள் இருந்தது, எப்படிப் போனது. ஒரு பெயரும் தப்பவில்லை. நடுநடுவே, "அந்த வீட்டுக்காரன் ஒரு கஞ்சப்பய, சோப்புக்கட்டிகூடக் குடுக்கல" என்று திட்டினாள். சில வீடுகளைச் சொல்லும்போது குரல் இறங்கியது. மூன்று பிற்பகல் ஆனது.

அதன் பிறகு இன்ஷிராஹ் ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். அதிகாரியாகப் போகவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவளாகப் போனாள். அடுப்படியில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த கறுப்பு டீயைக் குடித்தாள். அதீலா என்பவள் பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்துக் காட்டி, "இதை ஒரு நாள்கூடப் போடல" என்றாள். சட்டையை மறுபடி மடித்து வைக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

மொத்தம் நாற்பத்திரண்டு. பிறப்பு இருநூற்று முப்பது இல்லை, இருநூற்று எழுபத்திரண்டு. இறப்பு ஒன்பது இல்லை, ஐம்பத்தொன்று. ஆயிரத்துக்கு முப்பத்தொன்பது என்பது நூற்றெண்பத்தேழு ஆனது.

பிள்ளைகள் எத்தனை நாள் இருந்தன என்பதையும் அவள் பிரித்து எழுதியிருந்தாள். முதல் மூன்று நாளில் போனவை எட்டு. கோடையில் வயிற்றுப்போக்கில் போனவை பதினைந்து. நாலாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் நடுவே, பால் குடிக்க முடியாமல், வாய் இறுகிப் போனவை பத்தொன்பது. வஜீஹ் அந்த வரியில் விரலை வைத்தார்.

"ரணஜன்னி" என்றார். "தொப்புள்கொடி வழியா. கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கிறாளா? கொடி மேல என்ன வைக்கிறா?"

"கண்ணுக்கு இடற சுர்மா. அடுப்புச் சாம்பல்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வில்லாக வளைந்த அந்தச் சின்ன உடம்பு கண்முன் வந்தது. அந்தப் பிரசவத்துக்கும் வந்தவள் நபவிய்யாதான். பன்னிரண்டு மணி நேரம் முதுகைத் தேய்த்துவிட்டு, வலியில் அவள் கடித்த கையைக்கூட இழுத்துக்கொள்ளாதவள்.

நபவிய்யாவிடம் சொல்ல இரண்டு வாரம் ஆனது. ஒரு காலையில் போய், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். நபவிய்யா எழுந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"நாப்பது வருஷமா நான் எடுத்த பிள்ளைங்கதாண்டி இந்த ஊரு! உன்னை இழுத்துப் போட்டவளே நான்தான்! நான் கொன்னேன்னு சொல்ல வந்தியா?"

கத்தல் தானாகவே அடங்கியது. நபவிய்யா திண்டில் சரிந்து உட்கார்ந்தாள். முக்காட்டு நுனியைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"உன்னோடதுக்கும் அதுதானா?"

"அதுதான் காலா."

நபவிய்யா சுற்றிய முக்காட்டை விட்டுவிட்டுக் கேட்டாள்: "கொதிக்க வெச்சா போதுமா? எவ்வளவு நேரம்?"

ஆண்டறிக்கை எழுதும் நாள் வந்தது. உண்மைக் கணக்கையே அனுப்புவோம் என்றார் வஜீஹ். தடுப்பூசி கேட்கலாம், கர்ப்பிணிகளுக்குப் போடலாம், மருத்துவச்சிக்குப் பயிற்சி கேட்கலாம் என்று அவருக்கு அப்போது நம்பிக்கை இருந்தது. விட்டுப்போனதைத் தாமதப் பதிவாக எழுத விதி இருந்தது. நாற்பத்திரண்டையும் இன்ஷிராஹ் இரண்டு புத்தகத்திலும் எழுதினாள்.

தடுப்பூசி வரவில்லை. ஆய்வாளர் ஹில்மி வந்தார், மரியாதையாக ‘பே’ என்று கூப்பிடப்படுகிற அதிகாரி, கூடவே இரண்டு குமாஸ்தாக்கள். மேசையில் அறிக்கையைப் போட்டார்.

"ஒரே வருஷத்துல முப்பத்தொம்பது நூத்தியெண்பத்தேழா? ஊருக்குள்ள பிளேக் வந்துச்சா?"

"சாவு கூடல, பே. எழுதினது கூடியிருக்கு" என்றார் வஜீஹ்.

"பக்கத்து ஊருல முப்பத்தாறு. அதுக்கு அடுத்த ஊருல நாப்பத்தொண்ணு. அங்கெல்லாம் பிள்ளைங்க சாகலையா?"

"போய் எண்ணிப் பாத்தா தெரியும்."

ஹில்மி அந்தச் சின்ன வயது மருத்துவரை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல இங்க எண்ணுவோம். நாப்பத்திரண்டு வீட்டையும் காட்டுங்க."

இன்ஷிராஹ் முன்னால் நடந்தாள். ஆய்வாளர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் ஒரு தெருவுக்குள் பேண்ட் போட்ட மூன்று பேர் தாளோடு நுழைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதல் வீடு அதீலாவின் வீடு.

"இந்த வருஷம் உனக்குப் பிள்ளை பொறந்து செத்துச்சா?"

அதீலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் புருஷன் இருமினான்.

"எனக்கு மூணு பிள்ளைங்க. மூணும் உசுரோட இருக்கு. வேற பொறக்கல."

"அதீலா…" என்றாள் இன்ஷிராஹ்.

"பொறக்கல, உம்மு ஃபுவாத்." கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வீட்டிலும் பிறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டிலும். அபராதம் பற்றிய பேச்சு அவர்களைவிட வேகமாகத் தெருவில் ஓடியது. மருத்துவச்சியைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்றும் பேச்சு. ஏழாவது வீட்டில் ஒரு மாமியார், "படிச்சவளுக்கு வேற வேலை இல்ல, ஊரான் வீட்டுக்குச் சாவைக் கொண்டாந்து வைக்கிறா. உன் வீட்டுச் சாவை எழுதுடி!" என்று வாசலில் துப்பினாள். பதினோரு வீட்டில் பதினோரு தாய்மார்கள் தங்கள் பிள்ளையை இல்லை என்றார்கள். மடியில் போட்டு அழுதவர்கள் அவர்கள்; இன்ஷிராஹ் பார்த்திருக்கிறாள். ஆத்திரம் வரவில்லை அவளுக்கு. பன்னிரண்டாவது வீட்டைக் காட்டாமல் நின்றுவிட்டாள்.

ஹில்மி நோட்டை மூடினார். "பொய்ப் பதிவுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா உனக்கு?"

அப்போதுதான் நபவிய்யா வந்தாள். கையில் மாவு, முழங்கை வரைக்கும் வெள்ளை. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் கை கழுவாமல் வந்திருக்கிறாள்.

"அவளை ஏன் கேக்கற? என்னைக் கேளு. நாப்பத்திரண்டையும் எடுத்தது இந்தக் கை."

"நீ யாரு?"

"உன் நோட்டுல இருக்கும், மருத்துவச்சி நபவிய்யான்னு. இந்த வாசல்ல பொறந்தது ஆண் பிள்ளை. ஒம்பது நாள் இருந்துச்சு. எதுத்தாப்புல பொண்ணு, அஞ்சு நாள். இவங்க பொய் சொல்லல பே, பயந்துட்டாங்க. எழுதிக்கோ."

"உன் கைல செத்துதுன்னு நீயே சொல்றியா?"

"பத்தொம்பது என் கத்தரிக்கோல்ல போச்சுன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரு படிச்சவரு. அவரு சொன்னா அப்படித்தான் இருக்கும். அதையும் எழுதிக்கோ."

இன்ஷிராஹ், "காலா, வேண்டாம்" என்று கையைப் பிடித்தாள். நபவிய்யா உதறிவிட்டாள்.

"விடுடி. நீ எண்ணின, நான் சொன்னேன். இப்ப ஒருத்தி மட்டும் பொய்க்காரி ஆகறதா?"

அடிபட்டது போல நின்றிருந்த தெருவின் நடுவே, குமாஸ்தா நீட்டிய தாளில் அவள் பெருவிரலை வைத்தாள். மாவும் மையும் சேர்ந்து ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு முறை வைக்கச் சொன்னார்கள்.

கணக்கு நிலைத்தது. மற்ற எல்லாம் போனது. நபவிய்யாவின் உரிமச் சீட்டையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே வருஷத்தில் ஊரின் சுகாதாரத்தைச் சீர்குலைத்தவர் என்று வஜீஹின் பேரில் குறிப்பு எழுதி, பாலைவனச் சோலை ஒன்றுக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தபோது இன்ஷிராஹிடம், "அந்தப் பத்தொம்பது மாதிரி ரணஜன்னில போறதை மட்டும் ஒவ்வொரு வருஷமும் தனியா எழுதுங்க. யாரும் கேக்கலைன்னாலும்" என்றார். அவளுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. பதவி உயர்வு நின்றது. பாராட்டுத் தாளைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தியது. கால்வாய்த் துறைக்கு அவள் வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பிள்ளை தங்காத ஊர் என்று பெயர் பரவி, வெளியூர்க்காரர்கள் பெண் கொடுக்க யோசித்தார்கள். டீக்கடையில் ரிஸ்கின் காதில் விழும்படியே பேசினார்கள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவன் கேட்டான்.

"நீ எழுதாம இருந்திருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?"

"ஒண்ணும் குறைஞ்சிருக்காது. அதேதான் செத்திருக்கும்."

அவன் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தொட்டான். வாயில் வைக்கவில்லை. அந்தப் பெண் பிள்ளையைக் கபரஸ்தானுக்குத் தூக்கிப்போனவன் அவன்தான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

உரிமம் போனாலும் நபவிய்யாவை வீடுகள் விடவில்லை. நகரத்திலிருந்து அனுப்பிய புது மருத்துவச்சி வாரத்தில் இரண்டு நாள் வந்தாள், வலி அந்த இரண்டு நாளைப் பார்த்து வருவதில்லை. நபவிய்யா பெட்டி இல்லாமல், புதுச் சவர பிளேடும் நூலுமாகப் போனாள். போன வீட்டிலேயே டீப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தாள். சாம்பலோடு எந்தக் கிழவியாவது கிட்டே வந்தால் கையைத் தட்டிவிட்டாள். பத்தொன்பது பதினொன்றானது, மறு வருஷம் ஆறானது. மூன்றாவது வருஷம் வயிறு வீங்கி, மூன்று மாதம் படுத்துக் கிடந்து அவள் போய்ச் சேர்ந்தாள். இறப்புப் புத்தகத்தில் எழுதும்போது தொழில் என்ற கட்டத்தில், உரிமம் ரத்தானவள் என்று எழுத வேண்டும் என்றார்கள். இன்ஷிராஹ் மருத்துவச்சி என்றே எழுதினாள்.

நூற்றெண்பத்தேழு நூற்றறுபதானது, பிறகு நூற்றைம்பதுக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் மாவட்டத்திலேயே கடைசி ஊர் நஸ்லத் கர்ரூப்தான். மற்ற ஊர்கள் இன்னும் நாற்பதையே எழுதிக்கொண்டிருந்தன. வருஷா வருஷம் காரணம் கேட்டுக் கடிதம் வரும். அவளும் வருஷா வருஷம் அதே பதிலை எழுதுவாள்: இவ்வூரில் எல்லாப் பிள்ளைகளும் எண்ணப்படுகின்றன. குடல் நோயால் இறப்பது குறையவில்லை, தண்ணீர் வேண்டும்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கோடை. வெயில் தகரக் கூரையை உருக்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் மஹ்ரான் என்ற கரும்பு வெட்டுகிறவன் உள்ளே வந்தான். யாரும் போய்க் கூப்பிடாமல் தானே வந்த முதல் தகப்பன். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"பொண்ணு. அஞ்சு மாசம். நேத்துப் போச்சு. எழுதிக்கோங்க."

"பொறப்பே பதியலையே. அபராதம் வரும்."

"வரட்டும்."

எழுதினாள். வயிற்றுப்போக்கு, மூன்று நாள். அவன் போகாமல் நின்றான்.

"எங்க தெருவுல இது எத்தனாவது?"

பக்கத்தைப் புரட்டினாள். "மசூதித் தெருவுல இந்தக் கோடைல ஏழு."

"மேலத் தெருவுல?"

"ஒண்ணு."

"வீடு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? அங்கயும் அம்பது, இங்கயும் அம்பது."

"ஏறக்குறைய."

"அங்க கைபம்பு இருக்கு. நாங்க கால்வாய்ல மொள்றோம்." அவன் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். "இதை ஒரு தாள்ல எழுதிக் குடுப்பீங்களா? எனக்குப் படிக்கத் தெரியாது. மத்தவங்ககிட்ட காட்டணும்."

அவள் எழுதினாள். இரண்டு தெருவின் பெயர், வீடுகள், பிறந்தவை, போனவை. முத்திரை போட உரிமை இல்லை, இருந்தும் போட்டாள். அவன் அதை நாலாக மடித்துத் தலைத்துணிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினான்.

அந்தத் தாளோடு மஹ்ரான் நகரத்துக்கு நான்கு முறை போனான். கடைசி முறை அதீலாவின் புருஷன் உட்பட ஆறு பேர் கூடப் போனார்கள். கைபம்பு அந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. நான்காவது வருஷம் வந்தது. திறந்து வைக்க அதிகாரிகள் வந்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். இன்ஷிராஹ் போகவில்லை. அறிக்கை அனுப்பும் வாரம் அது. கைபம்புக்குக் காத்திருந்த வருஷங்களில் மசூதித் தெருவில் கோடையில் மட்டும் போன பிள்ளைகள் பதினெட்டு. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கூட்டி, கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.